எடுத்துச் சொல்கிறவன்

ஒண்டிக்கடை முக்கில் நான் இன்னும் நிம்மதியாக ஒரு டீ குடிக்க முடியவில்லை. கிளாஸை வாயில் வைப்பதற்குள் யாராவது ஒருவர், "வாங்க தலைவரே, பாத்து நொம்ப நாளாச்சுங்களே" என்று கும்பிட்டுவிடுவார். நான் தலைவர் இல்லை. ஒருநாளும் தலைவராக இருந்ததில்லை. தேர்தலில் நின்றதுகூடக் கிடையாது. பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர் என் அண்ணி, என் மூத்த அண்ணனின் மனைவி. இதை எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லியும் ஒருவர் காதிலும் ஏறவில்லை. "தெரியுமுங்க, தெரியுமுங்க" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு என் டீக்கும் அவர்களே காசு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வாயால் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். எழுதினாலாவது உறைக்கிறதா பார்ப்போம்.

நாங்கள் சேர்வராயன் மலையின் மலையாளிகள். இப்படிச் சொன்னால் சேலத்தில் பாதிப் பேர், "கேரளாவுல எந்த ஊருங்க?" என்று கேட்பார்கள். கேரளாவை நான் வரைபடத்தில்தான் பார்த்திருக்கிறேன். தலைச்சோலையைத் தாண்டி, காபித் தோட்டங்களுக்கு நடுவே ஜீப் மட்டும் ஏறுகிற மண்பாதையில் போனால் எங்கள் ஊர். யாருக்கும் எங்களைத் தெரியாது என்பது ஒரு குறை. தெரிந்தவர்களும் தப்பாகவே தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய குறை. இந்த இரண்டாவது குறையைத்தான் நான் வாழ்நாள் முழுக்கச் சுமந்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முடிவு சொல்கிறவர் அதைத் தன் வாயால் ஊருக்குச் சொல்ல மாட்டார். பக்கத்தில் ஒருவன் நிற்பான். அவன் காதருகே தாழ்ந்த குரலில் சொல்வார். அவன் திரும்பி நின்று, கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி அதை எடுத்துச் சொல்வான். ஒரு சொல்லைக் கூட்டக்கூடாது, ஒரு சொல்லைக் குறைக்கக்கூடாது. அப்படி எடுத்துச் சொன்ன பிறகுதான் அது ஊரின் பேச்சு. அதுவரை வழக்கு தீர்க்கிற ஊர்க்கவுண்டரே சொன்னாலும் அது ஒரு மனுஷனின் சொந்தப் பேச்சுதான், யாரையும் கட்டாது.

இதற்கு என் அப்பா சொன்ன காரணம் எளிமையானது. "முடிவு சொல்றவங்க கொரல்ல கோவம் இருக்கும், பாசம் இருக்கும். அது ஊரு காதுல உழுகக் கூடாது. சொல்லு மட்டும் உழுந்தாப் போதும்." அப்பாதான் எங்கள் ஊரில் எடுத்துச் சொல்கிறவராக இருந்தார். எழுபதுகளில் அவருக்குத் தொண்டை கெட்டுப்போனபோது அந்த வேலை எனக்கு வந்தது. எனக்குக் குரல் அப்படி. எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர் வேலைக்குச் சேர்ந்தபோதும், நான் பெயர் கூப்பிட்டால் அடுத்த எஸ்டேட்காரன் பதில் சொல்வான் என்று கேலி செய்வார்கள்.

கௌரவமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். திட்டு வாங்குகிற வேலை. ஒரு பலா மரம் யாருக்கு என்று வழக்கு வந்தது. ஊர்க்கவுண்டர் என் காதில் சொன்னார், நான் எடுத்துச் சொன்னேன். தோற்றவர் ஊர்க்கவுண்டரைக் கும்பிட்டுவிட்டுப் போனார். என்னிடம் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பலா பழுத்தபோது ஊரில் எல்லா வீட்டுக்கும் சுளை வந்தது, என் வீட்டைத் தவிர. எங்கள் ஆட்களுக்கு வழக்கம் தெரியும், இருந்தும் கோபம் என் மேல்தான் வரும். அப்புறம் வழக்கமே தெரியாத கீழ்நாட்டு அதிகாரிகளை நான் எப்படி நொந்துகொள்வது? ஆனாலும் நொந்துகொள்ளத்தான் போகிறேன்.

அண்ணன் மிளகுக் கொடி ஏறிய மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனபோது அண்ணிக்கு முப்பதுகூட ஆகவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள். எங்கள் எஸ்டேட்டிலேயே காபிப் பழம் பறிக்க வந்தார். அவரிடம் ஒரு சுபாவம் உண்டு. எல்லோரும் பேசி முடிக்கிற வரைக்கும் ஒரு சொல் பேச மாட்டார். முடித்த பிறகு தாழ்ந்த குரலில் ஒன்று சொல்வார். அதற்கு மேல் பேச யாருக்கும் ஒன்றும் இருக்காது. பறிக்கிற பெண்கள் தங்கள் சண்டை சச்சரவையெல்லாம் ஊர்க்கவுண்டரிடம் போகாமல் அண்ணியிடமே கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

எண்பதுகளில் ஒரு வருஷம், பறிப்பு உச்சத்தில் இருக்கும்போது, கைப்பிள்ளைக்காரிகள் பிள்ளைகளைச் செடிக்கடியில் சாக்கு விரித்துப் போட்டுவிட்டுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அட்டை, எறும்பு, மழை எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகை வேண்டும் என்று அண்ணி முடிவு செய்தார். ஒரு நாள் காலையில் பெண்கள் எல்லோரும் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மேனேஜர் வந்தார். அண்ணி வழக்கப்படி என் காதில் சொன்னார், நான் வழக்கப்படி எடுத்துச் சொன்னேன்: "புள்ளைங்களுக்குக் கூரை வாரமுட்டும் பழம் செடியிலயே இருக்கட்டுமுங்க."

மேனேஜர் என்னைப் பார்த்து, "நீ ரைட்டரா, இல்ல இவளுங்களுக்குத் தலைவனா?" என்று கத்தினார். ஒரு வாரம் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார். கொட்டகை வந்தது. தகரக் கூரை, நான்கு தூளி, ஒரு ஆயா. ஆனால் அந்தக் கொட்டகைக்கு என்ன பெயர் விழுந்தது தெரியுமா? ரைட்டர் கொட்டகை. அதில் தூங்கி வளர்ந்த பிள்ளைகளே அப்படித்தான் சொல்கிறார்கள். அண்ணியிடம் ஒருநாள் பொருமினேன். "கொட்டாயி ஒழுகுதா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பறம் என்னத்துக்கு மொகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்கறீங்க?" என்று போய்விட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் பதவியை மலைவாழ் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஊர்க் கூட்டத்தில் ஊர்க்கவுண்டர் என் காதில் அண்ணியின் பெயரைச் சொன்னார். அதை எடுத்துச் சொன்னபோது எனக்கு இருந்த சந்தோஷம் வேறு எதைச் சொன்னபோதும் இருந்ததில்லை. மறுநாளே சேலத்திலிருந்து கட்சிக்காரர்கள் இருவர் காரில் தலைச்சோலை வரைக்கும் வந்து, அதற்குமேல் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார்கள். அண்ணியைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார்கள். "ஏனுங்க, பேருக்குத்தானுங்களே அந்தம்மா? எல்லாம் நீங்கதானுங்களே?" நான் இல்லை என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

அண்ணி ஜெயித்தார். அவருக்கு அந்தப் பதவியில் ஒரே ஒரு குறி இருந்தது. தலைச்சோலையோடு திரும்பிப் போகிற பஸ் எங்கள் ஊர் வரைக்கும் வர வேண்டும். பிள்ளைத்தாச்சிகளைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு அந்தப் பாதையில் இறங்குவோம். அண்ணியின் மூத்த மகளையும் அப்படித்தான் தூக்கிக்கொண்டு போனோம். பாதி வழியில் மழையில் பிரசவமாகிவிட்டது. குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணி அந்தப் பாதையில் நடக்கும்போதெல்லாம் ஓர் இடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார். அதைத் தாண்டிய பிறகுதான் மறுபடி பேசுவார்.

முதல் கூட்டத்துக்கு ஒன்றிய அலுவலகம் போனோம். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார், நான் பக்கத்தில் நின்றேன். அண்ணி என் காதில் சொன்னதை எடுத்துச் சொன்னேன். அவ்வளவுதான். ஒருவர் ஓடிப்போய் எனக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்தார். டீ முதலில் எனக்கு வந்தது. "தலைவர் என்ன சொல்றாருன்னா" என்று அதிகாரி பேச ஆரம்பித்தார். நான் எழுந்து நின்று, "தலைவர் இவங்கங்க, நான் எடுத்துச் சொல்றவனுங்க" என்று எங்கள் வழக்கத்தை முழுசாக விளக்கினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். முடித்ததும் அதிகாரி, "சரிங்க தலைவரே, அடுத்து என்ன?" என்றார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒரு தடவை பேப்பரில் போட்டோ வந்தது. குடிதண்ணீர்த் தொட்டி திறப்பு. அந்தத் தொட்டிக்காக அண்ணி எத்தனை தடவை மலை இறங்கி ஏறினார் என்று எனக்குத்தான் தெரியும், கூடவே போனவன் நான். போட்டோவில் நான் வாயைத் திறந்தபடி நிற்கிறேன். என் தோளோரம் ஒரு சேலைத் தலைப்பு தெரிகிறது. அதுதான் தலைவர். என் மனைவி அந்தப் பேப்பரை வாசலில் ஒட்டி வைத்துவிட்டு, "ஏனுங்க தலைவரே, ஊட்டுல ஒரு கொடம் தண்ணி இல்லீங்க, தொட்டி தெறந்தது போதும், போயி புடிச்சுட்டு வாங்க" என்று குடத்தை நீட்டினாள். நான் பேப்பரைக் கிழிக்கப் போனேன். அவள் விடவில்லை. உள்ளுக்குள் அவளுக்குப் பெருமைதான், அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பிறகு ஒரு புது அதிகாரி வந்தார். இளம் பெண். நல்லவர், அதில் சந்தேகமே இல்லை. தலைவர் பதவிக்கு வந்த பெண்களைப் பின்னால் தள்ளிவிட்டு அவர்கள் வீட்டு ஆண்கள் ஆட்டம் போடுவதைப் பல ஊர்களில் பார்த்துக் கொதித்துப்போய் வந்தவர். முதல் கூட்டத்திலேயே நான் அண்ணியின் வாயருகே காதைக் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டார்.

"நீங்க யாரு? எதுக்கு அந்த அம்மாவைப் பேச விடமாட்டேங்கறீங்க?"

நான் விளக்க வாயைத் திறந்தேன். "போதும். இந்தக் கதையெல்லாம் நிறையக் கேட்டாச்சு. தலைவர்கள் மட்டும் உள்ள இருக்கட்டும். நீங்க வெளிய போங்க" என்றார். இத்தனை நாளும் அண்ணியின் மாலை என் கழுத்தில் விழுந்தது. இப்போது ஊரில் உள்ள அடாவடிக் கணவன்மார்களுக்கெல்லாம் சேர்த்து வசவும் என் தலையில் விழுந்தது. வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். காது இரண்டும் சுட்டது.

ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் பஸ் பேச்சு. மலைக்கு ஒரு பஸ் கூடுதலாக வருகிறது, அதை எங்கள் ஊருக்கு நீட்டுவதா எதிர்மலை ஊருக்கு நீட்டுவதா என்று கேட்டார்கள். அதிகாரி அண்ணியிடம் மிகவும் அன்பாக, "நீங்களே சொல்லுங்கம்மா, பயப்படாதீங்க" என்றார். அண்ணி பயப்படவில்லை. எடுத்துச் சொல்ல ஆள் தேடினார். பக்கத்து நாற்காலியில் இருந்த வேறொரு பஞ்சாயத்துத் தலைவியின் பக்கம் சாய்ந்து அவர் காதில் சொன்னார். அந்த அம்மாள் திடுக்கிட்டு, "ஏனுங்கக்கா எங்கிட்டச் சொல்றீங்க? அவங்ககிட்டச் சொல்லுங்க" என்றார். சிரிப்பு எழுந்தது. அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் வாயைத் திறக்கவில்லை. எதிர்மலைத் தலைவர் எழுந்து நாலு வார்த்தை பேசினார். பஸ் அங்கே போயிற்று.

திரும்பி நடக்கும்போது எனக்கு அடக்க முடியவில்லை. அண்ணியிடம் அதுவரை நான் குரல் உயர்த்தியதில்லை. "ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதுங்களா அண்ணி? கையில வந்த பஸ்ஸு போயிருச்சே!" என்று கத்தினேன். தோட்டத்தில் பறித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் பேசுனா அது எம்பட சொந்தப் பேச்சுங்க தம்பி" என்றார் அண்ணி. "எம் மகளுக்குன்னு நான் கேக்கற மாதிரி ஆயிருமுங்க. ஊருக்குன்னு கேக்கறது அது இல்லீங்களே."

எனக்குக் கோபம் ஆறவில்லை. அதிகாரி மேல் கோபம், அந்தச் சிரிப்பின் மேல் கோபம், எங்கள் வழக்கத்தின் மேல் கோபம், அதை விட்டுக்கொடுக்காத அண்ணியின் மேல் கோபம். எல்லோரும் அவரவர் பக்கம் நியாயமாகத்தான் இருந்தார்கள். பஸ்தான் இல்லை. அந்த இடம் வந்தது. அண்ணி பேச்சை நிறுத்தினார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மகள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள் என்று அதைத் தாண்டிய பிறகு சொன்னார்.

அடுத்த வாரம் அண்ணி ஊரைக் கூட்டச் சொன்னார். கூட்டத்தில் வழக்கமாக நான் நிற்கிற இடத்தில் அவர் போய் நின்றார். ஊர்க்கவுண்டருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். "பஸ்ஸு வேணுமா வேண்டாமான்னு, எதுக்கு வேணும்னு, நீங்க எல்லாருஞ் சொல்லுங்க. ஊரு சொல்றத நான் எடுத்துச் சொல்றனுங்க" என்றார்.

பெண் எடுத்துச் சொன்னதில்லை என்று ஒருவர் எழுந்தார். பெண் எடுத்துச் சொல்லக்கூடாது என்று யாராவது எப்போதாவது எடுத்துச் சொன்னார்களா என்று பின்னாலிருந்து ஒரு கிழவி கேட்டாள். அப்புறம் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள், யாராலும் நிறுத்த முடியவில்லை. தூளியில் போனவர்கள், தூளி தூக்கியவர்கள், தூளியிலிருந்து இறக்கிப் புதைத்தவர்கள். ஒவ்வொருவரும் அண்ணியின் காதருகே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் ஊர்க்கவுண்டரும் எழுந்து வந்து சொன்னார். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். என் வேலை போய்விட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பொறாமையாகத்தான் இருந்தது.

அடுத்த அலுவலகக் கூட்டத்தில் யாரும் சொல்லாமலே நான் வராந்தாவில் நின்றுகொண்டேன். உள்ளே அண்ணி எழுந்தார். எடுத்துச் சொல்கிறவர் நிற்பதுபோல் தோளை நிமிர்த்தி, கடைசி வரிசையைப் பார்த்து நின்றார். "எங்க ஊரு சொல்லுதுங்க" என்று ஆரம்பித்தார்.

அத்தனை வருஷத்தில் அண்ணியின் முழுக் குரலை நான் அன்றுதான் கேட்டேன். வராந்தாவைத் தாண்டி ரோடு வரைக்கும் கேட்டது. ஒவ்வொருவரும் சொன்னதைச் சொன்னார், கூட்டாமல், குறைக்காமல். தன் மகள் சொன்னதையும் மற்றவர்கள் சொன்னதுபோலவே, அதே குரலில் சொன்னார். எனக்குத்தான் கண் கலங்கியது, பக்கத்தில் நின்ற ஜீப் டிரைவர் பார்த்துவிடப் போகிறார் என்று மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

எதிர்மலைக்குப் போகிற பஸ் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை எங்கள் ஊருக்கும் வரும் என்று முடிவாயிற்று. பாதையைச் சரிசெய்ய ஆட்கள் வந்தார்கள். அதிகாரி அன்று வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தீங்களா, நீங்க ஒதுங்கினா எவ்வளவு நல்லாப் பேசறாங்க" என்றார். சரி, இவராவது புரிந்துகொண்டார் என்று நான் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள், "நல்லா டிரெயினிங் குடுத்திருக்கீங்க, கெட்டிக்காரர்தான்" என்று என் தோளைத் தட்டிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

பஸ் முதன்முதலாக ஊருக்கு வந்த நாளில் வாழைமரம் கட்டினோம். கண்டக்டர் கீழ்நாட்டுக்காரர், மலைக்குப் புதிது. இறங்கியதும் வெள்ளைச் சட்டையைத் தேடிக் கண்டுபிடித்து என் கழுத்தில் மாலையைப் போட்டார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் முன் சீட்டில் உட்கார வைத்தார். பஸ் நிறைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு சீட்டில் அண்ணியின் மகள், நிறைமாசம், ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வரக் கிளம்பியிருந்தாள். பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணி நின்றிருந்தார். அவருக்கு உட்கார இடமில்லை.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. எழுந்து நின்று மாலையைக் கழற்றி, என் முழுக் குரலில் கத்தினேன். "நல்லாக் கேட்டுக்கங்க! நான் தலைவர் இல்லீங்க! இந்த பஸ்ஸக் கொண்டாந்தது எங்க அண்ணி! தலைவரு அவங்க!"

கண்டக்டர் பயணிகளைப் பார்த்துச் சொன்னார், "என்னா ஒரு அடக்கம் பாருங்க. இந்தக் காலத்துல இப்படி ஒரு தலைவரா!" கீழ்நாட்டிலிருந்து பஸ்ஸோடு வந்தவர்கள் கை தட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நடுவழியில் நின்றேன், அழுவதா உதைப்பதா என்று தெரியாமல்.

அண்ணி கூட்டத்துக்குள் நுழைந்து என் பக்கம் வந்தார். மாலையை வாங்கி மகளின் மடியில் போட்டார். பிறகு என் காதருகே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எல்லாரும் உக்காருங்க. வண்டி போவட்டும்."

இருபது வருஷத்துக்கு மேலான பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது. நான் பஸ்ஸின் கடைசி வரிசையைப் பார்த்துத் திரும்பி நின்று, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் எடுத்துச் சொன்னேன்.

"எல்லாரும் உக்காருங்க! வண்டி போவட்டும்!"

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். "தலைவரே சொல்லிட்டாரு. போலாம், ரைட்!"